முதல் பத்து நிமிடம்

றெனால்ட் கடலுக்குள் இழுபட்டுப் போனதைச் சந்தியோகு காணவில்லை. போட்டின் பின்பக்கத்தில் எஞ்சின் பிடியோடு இருந்தவன், வெயில் கண்ணில் குத்துகிறதென்று ஒரு கணம் முகத்தைத் திருப்பினான். மறுபடி பார்த்தபோது முன்பக்கத்தில் ஆள் இல்லை. நண்டு வலையின் கயிறு மட்டும் விளிம்பில் உரசிக்கொண்டு சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

வலைக் கயிற்றின் வளையம் காலில் மாட்டினால் என்ன ஆகும் என்று அவர்களுடைய ஊரான பள்ளிமுனையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வலையில் கட்டிய கல் கீழே இழுக்கும், போட் முன்னே போகும், நடுவில் அகப்பட்டவன் தண்ணீருக்குள் போவான். சந்தியோகு எஞ்சினை நிறுத்தினான். கத்தியை எடுத்துக்கொண்டு குதித்தான். அந்த நேரத்தில் அவன் தன் உடம்பை நினைக்கவே இல்லை.

கீழே தண்ணீர் கலங்கியிருந்தது. கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே போனான். முதலில் றெனால்டின் பாதம் தட்டுப்பட்டது. கணுக்காலில் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. அறுத்தான், அறுத்தான், கடைசி நூல் விடமாட்டேன் என்றது. விட்டதும் இரண்டு பேரும் ஒன்றாக மேலே வந்தார்கள். றெனால்ட் கடல்தண்ணீரைக் கக்கினான், மூச்சை இழுத்தான், மறுபடி கக்கினான். விழும்போது விளிம்பில் அடிபட்டிருக்க வேண்டும். வலது தோள் தன் இடத்தை விட்டு முன்னால் பிதுங்கி நின்றது. அந்தக் கை சும்மா மிதந்தது.

சந்தியோகு கத்தியை விடப் பார்த்தான். விரல்கள் விரியவில்லை.

தண்ணீருக்குமேல் கையைத் தூக்கிப் பார்த்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சதை கல்லாக இறுகி, கத்தியைக் கவ்விப் பிடித்தபடி இருந்தது. அப்போதுதான் அவனுக்குப் பயம் பிடித்தது. இடது கையால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்திக் கத்தியைக் கடலில் விட்டான்.

"போட்! டேய், போட்டைப் பார்!" என்று றெனால்ட் கத்தினான்.

சோளகக் காற்று வெறும் போட்டைத் தள்ளிக்கொண்டு போனது. முப்பது பாகம் இருக்கும், முப்பது ஆள் கை விரித்து நின்ற நீளம். சுகதேகியான ஒருவன் மூச்சைப் பிடித்து நீந்தினால் எட்டிவிடலாம். இன்னும் கொஞ்சம் பிந்தினால் எவராலும் எட்ட முடியாது.

"ஓடிப் பிடியடா மச்சான்! நான் மிதந்துகொண்டு நிப்பன். போ!"

சந்தியோகு அசையவில்லை.

றெனால்ட் சந்தியோகின் மனைவி செலீனாவின் தமையன். போட் அவனுடையது. வேலை தராமல் விடமுடியாதே என்று தங்கையின் புருசனைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஊரில் சொல்லித் திரிந்தவன். அப்படிச் சொன்னதில் பிழையும் இல்லை. சந்தியோகு சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பெயர் எடுத்தவன். பள்ளிக்கூட ஓட்டத்தில் பாதியில் உட்காருவான். கரைவலை இழுக்கும்போது இரண்டு தரம் இழுத்துவிட்டுக் கயிற்றைப் போட்டுவிட்டுக் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்பான். கொஞ்ச நேரம் கழித்து வந்து மற்றவர்களைவிட அதிகமாகவும் இழுப்பான். ஆனால் அவன் நின்றதைத்தான் சனம் பார்த்தது. சோம்பல் சந்தியோகு. நாற்பது வயதுக்குப் பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

சென்ற வருடம் கோயில் திருநாளுக்குப் பந்தல் போடும்போது, அந்தப் பெயரைக் கேட்டு ரோசம் வந்து, மரங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு மற்றவர்களோடு போட்டிக்கு ஓடினான். அன்று பின்னேரம் அவனுக்கு மூத்திரம் கறுப்பாகப் போனது. அங்கே இங்கே என்று அனுப்பி, கடைசியாகக் கொழும்பில் தொடையிலிருந்து ஒரு துண்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். டொக்டர் நஸ்லியா என்பவர் அவனையும் செலீனாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் தமிழில் விளக்கினார்.

"நாங்கள் சாப்பிடுற சோறு, பாண், மரவள்ளி எல்லாம் மாப்பொருள். வாயிலயும் குடலிலயும் இருக்கிற நொதியங்கள் அதை உடைச்சுக் குளுக்கோசு ஆக்கும். அது உங்களுக்கு நல்லா நடக்குது. மிஞ்சின குளுக்கோசைத் தசை தனக்குள்ள சேர்த்து வைக்கும். அதுக்குப் பேர் கிளைக்கோஜன். திடீரெண்டு ஓட, பாரம் தூக்க, அதைத்தான் உடைச்சு எடுக்கவேணும். அதை உடைக்கிற நொதியம் உங்கட தசையில பிறப்பிலயே இல்லை."

"அப்ப என்ர கைகால் பட்டினியோ டொக்டர்?"

"அவசரத்துக்கு வேலை செய்யேக்க, ஓம். பானை நிறையச் சோறு இருக்கு, மூடியைத் திறக்க ஏலாது." அவர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். "ஆனா மெல்லத் தொடங்கினீங்கள் எண்டால், எட்டுப் பத்து நிமிசத்தில ஈரலில இருந்து குளுக்கோசு இரத்தத்தோட வந்து சேரும். கொழுப்பும் எரியத் தொடங்கும். அதுக்குப் பிறகு கன நேரம் தாக்குப் பிடிப்பீங்கள். அந்த முதல் பத்து நிமிசம்தான் ஆபத்து. ஓடக்கூடாது. எதையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கக்கூடாது. மீறினால் தசை உடைஞ்சு, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைச்சுப்போடும். மூத்திரம் கறுத்தால் உடன ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ." சொன்னவர் நிறுத்தி, "ஓடாதேங்கோ. ஆரையாவது கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ," என்று சிரித்தார். சந்தியோகுக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்து கிடையாது. வேலைக்கு முன் சீனி போட்ட தேநீர் குடிக்கச் சொன்னார். ஒரு கடிதம் தந்தார். அதைச் செலீனா அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். வேறு ஒருவருக்கும் அவன் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடம்பில் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? சோம்பேறிக்கு டொக்டர் துண்டும் கிடைத்துவிட்டது என்பார்கள். றெனால்டிடம் முதுகுநோ என்று சொல்லி, எஞ்சின் பிடிப்பதையும் நண்டு கழற்றுவதையும் தன் வேலையாக்கிக்கொண்டான்.

இப்போது அந்தப் போட் முப்பத்தைந்து பாகத்துக்குப் போய்விட்டது. தேநீர்ப் போத்தலும் அதில்தான் இருந்தது.

"என்னடா பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? போடா!"

"ஏலாது."

"என்ன ஏலாது?"

"இப்ப வேகமா நீந்தினால் பாதி வழியில கைகால் இறுகிப்போடும். தண்ணிக்குள்ள தாண்டுபோவன். நீயும் சாவாய், நானும் சாவன்."

றெனால்ட் அவனை வெறித்துப் பார்த்தான். பிறகு கெட்ட வார்த்தைகளால் ஏசினான். பயந்தாங்கொள்ளி என்றான், என் தங்கச்சியைக் கெடுத்தவன் என்றான். தானே போகிறேன் என்று இடது கையை வீசி நாலு பாகம் நீந்தினான், தோள் நோவில் அலறிக்கொண்டு தண்ணீருக்குள் புதைந்தான். சந்தியோகு போய் அவனுடைய சட்டையைப் பற்றி மேலே எடுத்தான். பற்றிய அந்த ஒரு நிமிடத்துக்கே விரல்கள் மறுபடி இறுகத் தொடங்கின. போட் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சிறுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுடைய கால்கள் தாமாகவே உதைக்கத் துடித்தன. போ, போ என்று பயமே அவனைத் தள்ளியது. அதற்குக் கீழ்ப்படிந்தால் செத்தோம் என்றும் அவனுக்குத் தெரிந்தது.

காற்றுக்குக் குறுக்கே, கரைப்பக்கமாக, மீன் அடைப்பதற்கு நட்ட தடிகள் வரிசையாகத் தெரிந்தன. அரைக் கட்டை, அரை மைல் தூரம் இருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் நெஞ்சளவுதான்.

"றெனால்ட், கேள். நான் சொல்லுறதைக் கேள். எனக்கு ஒரு வருத்தம் இருக்கு."

அறுந்த கயிற்றில் ஆறேழு முழம் இன்னும் றெனால்டின் காலோடு இழுபட்டது. அதைக் கழற்றி அவனுடைய நெஞ்சைச் சுற்றி, நல்ல கையின் கக்கத்துக்குக் கீழாக எடுத்து, மறு நுனியைத் தன் இடுப்பில் கட்டினான். கட்டிக்கொண்டே சொன்னான். கொழும்பு, சதைத் துண்டு, நொதியம், பத்து நிமிடம், கறுத்த மூத்திரம், கிட்னி. அலை முகத்தில் அடிக்கும்போதெல்லாம் சொல் பாதியில் அறுந்தது. றெனால்டின் உதடுகள் வெளுத்துப் போயிருந்தன.

"உனக்கு விசரே?" என்றான் றெனால்ட். "கடலுக்கு நடுவில நிண்டு கதை சொல்லுறாய்."

"பத்து நிமிசம் மெல்லப் போவம். அதுக்குப் பிறகு நான் உன்னை இழுப்பன். சத்தியமா இழுப்பன்."

"பத்து நிமிசத்தில நாங்கள் எங்க இருப்பமோ!"

மணிக்கூடு இல்லை. சந்தியோகு மல்லாந்து படுத்து, கால்களை வெகு மெதுவாக அசைத்தபடி, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினான். அந்தச் செபத்தைப் பத்து முறை சொன்னால் செபமாலையில் ஒரு பத்து; நாலு பத்து முடிய வீட்டில் பத்து நிமிடம் எடுக்கும் என்று அவனுக்குத் தெரியும். நாலு பத்து முடியும்வரை வேகம் கூட்டுவதில்லை என்று முடிவெடுத்தான்.

முதல் பத்தில் அவர்கள் நகர்ந்ததாகவே தெரியவில்லை. தடிகள் அதே இடத்தில், அதே அளவில் நின்றன. றெனால்ட் இன்னும் ஏசிக்கொண்டிருந்தான். இரண்டாவது பத்தில் அவனுடைய ஏச்சு நின்றது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "றெனால்ட்!" என்று கூப்பிட்டால், "ம்" என்று மட்டும் வந்தது. அலை இரண்டு பேரையும் தூக்கி இறக்கும்போது கயிறு இழுபட்டு இடுப்பை வெட்டியது.

மூன்றாவது பத்தின் நடுவில் சந்தியோகின் வலது கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. அவன் வாய்விட்டுக் கத்தினான். கால் மடங்கியபடி நின்றுவிட்டது. அதை அசைக்காமல் விட்டு, மற்றக் காலை உதைத்தான். அந்தக் காலும் உள்ளுக்குள் சூடாகிக்கொண்டு வருவதை உணர்ந்தான். இதுவும் போனால் முடிந்தது. தலை தண்ணீருக்குள் அமிழ்ந்தது, மூக்கால் தண்ணீர் ஏறியது. இடுப்பில் கட்டிய கயிறு அப்போது ஒரு கொலைக் கயிறாகத் தோன்றியது. அதை அவிழ்த்துவிட்டால் ஒருவராவது மிதக்கலாம் என்ற எண்ணம் வந்தது. கை முடிச்சுக்குப் போனதும் உண்மை. அந்தக் கணத்தை அவன் பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னான், வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை.

கை முடிச்சில் இருக்கும்போதே பின்னாலிருந்து றெனால்டின் குரல் கேட்டது. நடுங்கிய, மெல்லிய குரல். விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தான்.

"...இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும்..."

சந்தியோகு கையை எடுத்தான். உதைப்பதை அடியோடு நிறுத்தினான். இரண்டு கைகளையும் விரித்து, நெஞ்சில் காற்றை நிரப்பி, சும்மா கிடந்தான். கடல் அவர்களைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. நோ மெல்லக் குறைந்ததும், கைகளால் மட்டும், தண்ணீரைத் தடவுவதுபோலத் துழாவினான். நாலாவது பத்து முடிந்தது. ஒன்றும் மாறவில்லை. ஐந்தாவது பத்தைத் தொடங்கினான். பொய்தானோ, டொக்டர் சொன்னது கொழும்பில் வீதியில் நடக்கிறவர்களுக்குத்தானோ என்று சந்தேகம் வந்தது.

ஐந்தாவதின் பாதியில் மூச்சு இறங்கியது. அவன் அதைத்தான் முதலில் கவனித்தான். இரைப்பு நின்று மூச்சு நீளமாக வந்தது. பிறகு தோள்களிலிருந்த எரிவு விட்டது. கெண்டைக்கால் இன்னும் முடிச்சாகத்தான் இருந்தது, ஆனால் இடது தொடையில் பலம் வந்தது. ஒரு தரம் உதைத்துப் பார்த்தான். கால் தாங்கியது. இன்னொரு தரம், கொஞ்சம் பலமாக. தாங்கியது.

"றெனால்ட், இப்ப இழுக்கிறன்," என்றான். அவனுக்கு அழுகை வந்தது.

எவ்வளவு நேரம் இழுத்தான் என்று தெரியாது. தடிகள் விரல் அளவாகி, கை அளவாகி, கடைசியில் பாசி பிடித்த ஒரு மரம் அவனுடைய தலையில் இடித்தது. கால் சேற்றில் பட்டது. றெனால்டைத் தடிக்கும் தன் நெஞ்சுக்கும் இடையில் சாய்த்துவைத்துக்கொண்டு நின்றான். அப்படி நின்றபடியே நடுங்கினார்கள்.

அக்கரையிலிருந்து இறால் பிடிக்க வந்த நவரத்தினம் என்பவர், ஆள் இல்லாமல் வந்த போட்டைக் கண்டு பிடித்துக் கட்டி, காற்று வந்த வழியே தேடிக்கொண்டு வந்திருந்தார். அவர் இரண்டு பேரையும் ஏற்றும்போது வெயில் உச்சிக்கு ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் றெனால்டைச் சுற்றி நின்றார்கள். தோளும் கணுக்காலும் பார்க்கவே பயங்கரமாக இருந்தன. சந்தியோகைச் சுவரோரமாக ஒரு நீள மர வாங்கில் உட்காரச் சொன்னார்கள். அவனுடைய உடம்பில் ஒரு கீறல் இல்லை. தொடைகள் மட்டும் காற்சட்டைக்குள் வீங்கி இறுகிக்கொண்டு வந்தன. எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனான்.

மூத்திரம் பால் விடாத தேநீரின் நிறத்தில் போனது. கடலில் இருந்த பயத்துக்கு ஒரு கரை இருந்தது, தடிகள் தெரிந்தன. உடம்புக்குள் நடக்கிற இதற்கு எதைப் பார்த்து நீந்துவது?

திரும்பி வந்து வாங்கில் உட்கார்ந்தான். சொல்லவேண்டும். வாய் திறக்கவில்லை. நீந்தினேன், அதனால் சிறுநீரகம் போகப்போகிறது என்று எப்படிச் சொல்வது? றெனால்டின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் டொக்டர் சிரித்தால்? முப்பத்தைந்து வருடமாகச் சிரிப்புக்குப் பயந்த வாய் அது. தாதி ஒருத்தி கடந்துபோனாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

றெனால்ட் கட்டிலில் இருந்தபடி அவனைப் பார்த்தான்.

"டேய். உன்ர முகம் ஏன் அப்பிடி? என்ன?"

சந்தியோகு கழிப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"கறுப்பாப் போகுதோ? டேய், சொல்லடா! கறுப்பாப் போகுதோ?"

அவன் தலையாட்டினான். றெனால்ட் தோளைப் பிடித்திருந்த டொக்டரை நல்ல கையால் தள்ளிவிட்டு, வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

"என்னை விடுங்கோ! அவனைப் பாருங்கோ முதல்! அவன்ர தசையில ஒரு நொதியம் இல்லை. தசை உடைஞ்சு கிட்னி அடைக்கப்போகுது!"

டொக்டர் நம்பாத முகத்தோடுதான் வந்தார். "அவருக்குக் காயம் ஒண்டும் இல்லையே," என்றார். அதற்குள் செலீனா கடிதத்தோடு வந்து சேர்ந்தாள். கும்பிட்ட கைக்குள் கடிதத்தைப் பிடித்திருந்தாள். டொக்டர் அதை நின்றபடி வாசித்தார், பிறகு உட்கார்ந்து வாசித்தார். பத்து நிமிடத்துக்குள் இரண்டு கையிலும் சேலைன் ஏறியது. பின்னேரம் அம்புலன்ஸில் வவுனியாவுக்கு ஏற்றினார்கள், அங்கேதான் இரத்தம் சுத்திகரிக்கும் மெசின் இருந்தது.

இரண்டு நாள் அவன் மூத்திரம் இறங்கும் பிளாஸ்ரிக் பையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அதில் இறங்கிய ஒவ்வொரு துளியும் கறுப்பு. காலையும் மாலையும் இரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் கழிவைக் காட்டும் இலக்கம் ஏறியது. நாளைக்கும் ஏறினால் மெசினில் போடுவோம் என்றார்கள். செலீனா அவனுடைய காலடியில் உட்கார்ந்திருந்தாள். "எனக்குப் பயமாக் கிடக்கு," என்று அவன் சொன்னபோது, "எனக்கும்தான்," என்றாள். ஒன்றும் ஆகாது என்று அவள் பொய் சொல்லாதது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் இலக்கம் ஏறவில்லை. நாலாம் நாள் பையின் நிறம் வெளிறத் தொடங்கியது.

அன்றுதான் டொக்டர் நஸ்லியா போனில் எடுத்தார். எல்லாம் விசாரித்துவிட்டு, "இது பரம்பரையில வாறது. கூடப்பிறந்தவைக்கும் இருக்கலாம். முந்திக் கேட்டபோது ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனீங்கள். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றார்.

தோளில் கட்டோடு றெனால்ட் பக்கத்துக் கதிரையில் இருந்தான்.

"ஒரு அண்ணன் இருந்தவர் டொக்டர்," என்றான் சந்தியோகு. "சிங்கராசா எண்டு பேர். தொண்ணூறாம் ஆண்டு ஷெல் அடிக்கேக்க, இந்தியாவுக்குப் போற வள்ளத்துக்கு எல்லாரும் மணலுக்கால ஓடினம். எனக்கு ஒன்பது வயசு, மாமா என்னைத் தோளில தூக்கிக்கொண்டு ஓடினவர். அண்ணனுக்குப் பதினஞ்சு. பாதியில இருந்திட்டார். ரெண்டு தொடையையும் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டார். அம்மா கத்தக் கத்த, போங்கோ வாறன் எண்டு கையைக் காட்டினவர். வள்ளம் நிக்கேல்ல. அதுக்குப் பிறகு அவரைக் காணேல்ல."

அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"பயத்தில இருந்திட்டான் எண்டுதான் சனம் சொன்னது. அம்மாவும் அப்பிடித்தான் நினைச்சுச் செத்தவ. நானும்தான்." அவன் தன் தொடையில் கையை வைத்தான். "அவர் பயப்பிடேல்ல டொக்டர். அவருக்கு ஓட ஏலாமப் போச்சு."

போனை மேசையில் வைத்தான். செலீனா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். றெனால்ட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்ல?" என்று கேட்டான்.

"சொன்னால் நம்பியிருப்பியோ?"

றெனால்ட் யோசித்தான். "இல்லை," என்றான். எழும்பி, மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை ஒற்றைக் கையால் எடுத்து, பல்லால் மூடியைத் திருகித் திறந்து நீட்டினான்.

"ஆறு போத்தல் குடிக்கவேணுமாம். இது ரெண்டாவது. குடி மச்சான்."